9 கிலோ ஆகிவிட்டது, குழந்தையின் கார் சீட்டை முன்பக்கம் திருப்பலாமா?

கோவை_நிலா | திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு எட்டு மாதம் முடிந்திருக்கிறது. எடை 9.2 கிலோ. பிறந்தபோது வாங்கிய கார் சீட்டில் இதுவரை பின்னோக்கித்தான், அதாவது அவள் முகம் காரின் பின்கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி உட்கார வைத்து வந்தோம்.

போன வாரம் உறை மாற்றுவதற்காகக் கடைக்குப் போனபோது, "ஒன்பது கிலோ தாண்டிவிட்டதே, திருப்பி வைத்துவிடுங்கள், ரோட்டைப் பார்த்துக்கொண்டு அழாமல் வரும்" என்றார்கள். சீட்டில் ஒட்டியிருக்கிற ஆரஞ்சு ஸ்டிக்கரிலும் 0 முதல் 18 கிலோ என்று இருக்கிறது. முன்னோக்கி வைப்பது 9 கிலோவிலிருந்து என்று கையேடு சொல்கிறது. ஆனால் எனக்கு மனது ஒப்பவில்லை.

வீட்டில் மூன்று பேருக்கு மூன்று கருத்து. சீட்டை முன்னால் தன் பக்கத்தில் வைத்தால் குழந்தையைப் பார்த்துக்கொண்டே ஓட்டலாம் என்கிறார் கணவர். கால் மடங்கிக் கிடக்கிறது, பிள்ளைக்கு வலிக்கும், என் மடியில் கொடு என்கிறார் அத்தை. எனக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்பதும் தெரியவில்லை. அடுத்த மாதம் காதுகுத்துக்கு மதுரைப் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போகிறோம். உடுமலை, பழனி, ஒட்டன்சத்திரம் வழியாக. அதற்குள் முடிவு செய்ய வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

ஹாரோ_செவிலி | திங்கள், இரவு 11.15

தங்கச்சி, திருப்ப வேண்டாம். நான் லண்டனில் குழந்தைகள் வார்டில் வேலை செய்கிறேன், அதனால் இதை அழுத்தியே சொல்கிறேன்.

கைக்குழந்தையின் தலை உடம்பின் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு. கழுத்து எலும்புகள் இன்னும் முழுதாகக் கெட்டிப்படவில்லை, பாதி குருத்தெலும்புதான். முன்னோக்கி இருக்கும்போது கார் எதிலாவது மோதினால், தோளைப் பட்டை பிடித்துக்கொள்ளும், தலையைப் பிடிக்க ஒன்றும் இல்லை. அவ்வளவு கனமும் அந்தச் சின்னக் கழுத்தில் இழுபடும். பின்னோக்கி இருந்தால் அதே மோதலில் தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒன்றாகச் சீட்டின் ஓட்டுக்குள் அமுங்கும். பாரம் முதுகு முழுக்கப் பரவிவிடும்.

கடைக்காரர் சொன்ன 9 கிலோ பழைய ஐரோப்பிய விதியில் வருவது. ஆர்44 என்று பெயர். அதில் 9 கிலோ என்பது குறைந்தபட்ச எல்லை. அந்த எடை வந்ததும் திருப்பியே ஆக வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. அதற்குப் பிறகு வந்த ஆர்129 விதியில் எடையை விட்டுவிட்டு வயதும் உயரமும் பார்க்கிறார்கள். 15 மாதம் தாண்டும்வரை முன்னோக்கி வைக்கவே அனுமதி இல்லை. எட்டு மாதப் பிள்ளை எத்தனை கிலோ இருந்தாலும் கழுத்து எட்டு மாதக் கழுத்துதானே.

உங்களுடையது 0 முதல் 18 கிலோ வகை என்றால் பெரும்பாலும் 13 கிலோ வரை பின்னோக்கி வைக்கலாம். கையேட்டில் பாருங்கள். இல்லாவிட்டால் உச்சந்தலை சீட்டு ஓட்டின் மேல் விளிம்பை எட்டும்வரை. இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2018இல் வயதுக் கணக்கை எடுத்துவிட்டு, சீட்டின் எல்லை முடியும்வரை பின்னோக்கியே வையுங்கள் என்று சொல்லிவிட்டது. சுவீடனில் நான்கு வயது வரைகூடப் பின்னோக்கித்தான்.

கால் மடங்குவது பற்றி: பெரியவர்களுக்குத்தான் அது கஷ்டமாகத் தெரிகிறது. பிள்ளைகள் வீட்டிலேயே சப்பணம் போட்டும் காலைத் தூக்கிச் சுவரில் வைத்தும்தானே கிடக்கிறார்கள். அத்தையிடம் அதைச் சொல்லுங்கள்.

---

பழைய_டிரைவர் | செவ்வாய், காலை 6.50

நான் முப்பது வருடம் வண்டி ஓட்டியவன். மனதில் பட்டதைச் சொல்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் மூன்று பிள்ளைகளும் அவர்கள் அம்மா மடியில்தான் வந்தார்கள். நம் ஊரில் யாரும் நிறுத்தி இதற்கு அபராதம் போட்டு நான் பார்த்ததில்லை. பொறுமையாக ஓட்டினால் போதும். குழந்தை கதறக் கதறக் கட்டிப்போட்டுக் கூட்டிப்போனால் ஓட்டுகிறவன் கவனம் சிதறும். அதுவும் ஆபத்துதானே? அப்புறம், பின்னாலிருந்து லாரி இடித்தால் பின்னோக்கி இருக்கிற குழந்தை கதி என்ன?

---

ஸ்பேனர்_சென்னை | செவ்வாய், காலை 10.20

ஐயா, சட்டத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தில் 194பி என்று ஒரு பிரிவு வந்திருக்கிறது. 2019 செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. 14 வயது நிறையாத குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனால் 1000 ரூபாய் அபராதம். ஓட்டுகிறவர் மட்டும் இல்லை, ஓட்ட அனுமதித்தவரும் பொறுப்பு. யாரும் பிடிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பிரிவு "பெல்ட் அல்லது குழந்தை இருக்கை" என்றுதான் சொல்கிறது. எந்த வயதுக்கு எது என்று பிரிக்கவில்லை. ஆக, இரண்டு வயதுக் குழந்தைக்குப் பெரியவர்கள் பெல்ட்டை மாட்டிவிட்டால் அபராதத்திலிருந்து தப்பிவிடலாம். அந்தப் பெல்ட் குழந்தையின் கழுத்திலும் வயிற்றிலும் ஓடும், இடித்தால் அங்கேதான் அறுக்கும். சட்டத்தின் அளவோடு நிறுத்திக்கொள்வது போதாது.

மடி விஷயம் கணக்குதான். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் எதிலாவது முட்டி நின்றால், அது நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அந்த நேரத்தில் 10 கிலோ குழந்தையைப் பிடித்து வைக்க சுமார் 200 கிலோ பலம் வேண்டும். 25 கிலோ அரிசிச் சிப்பம் எட்டைத் திடீரென்று கையில் போட்டால் யார் தாங்குவார்? அம்மாவுக்குப் பாசம் இல்லாமல் கை விடுவதில்லை, மனிதக் கையால் முடியாது. மடியில் வைத்திருப்பவரும் பெல்ட் போடாவிட்டால் இன்னும் மோசம். அவருடைய எடை முழுவதும் குழந்தையின் மேல் வந்து, முன் சீட்டுக்கும் அவருக்கும் நடுவில் குழந்தை நசுங்கும்.

பின்னாலிருந்து இடிப்பது பற்றிக் கேட்டீர்கள், நியாயமான கேள்வி. பின்னால் இடிக்கிற வண்டியும் நம் வண்டியும் பெரும்பாலும் ஒரே திசையில் போகின்றன. அதனால் அடியின் வேகம் குறைவு. உயிரை எடுக்கிற மோதல்களில் அதிகம் நேருக்கு நேரும் பக்கவாட்டிலும் நடப்பவைதான்.

நிலா, உங்கள் கணவரிடம் உடனே சொல்ல வேண்டியது: முன் சீட்டில் பின்னோக்கி வைக்கவே கூடாது. டாஷ்போர்டிலிருந்து ஏர்பேக் கண் சிமிட்டுவதற்குள் வெடித்து வெளியே வரும். பின்னோக்கிய சீட்டின் முதுகு டாஷ்போர்டுக்கு ஒட்டினாற்போல இருக்கும். அந்த அடி நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னால் விழும். உங்கள் காரின் சன் வைசரில் குழந்தை சீட்டுக்கு மேல் சிவப்புக் குறுக்குக் கோடு போட்ட படம் ஒன்று இருக்கும், அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சில கார்களில் பயணி பக்க ஏர்பேக்கைச் சாவியால் அணைக்கிற ஸ்விட்ச் உண்டு. அது வேறு வழியே இல்லாதவர்களுக்கு. உங்களுக்குப் பின் சீட் இருக்கிறது.

---

ஹாரோ_செவிலி | செவ்வாய், மாலை 4.05

இங்கே பிரிட்டனில் ஏர்பேக் அணைக்காமல் முன் சீட்டில் பின்னோக்கி வைப்பது சட்டப்படியே குற்றம். கூடுதல் தகவலாகச் சொல்கிறேன்.

---

தெம்பனிஸ்_தமிழ் | செவ்வாய், இரவு 8.30

சிங்கப்பூரிலிருந்து. இங்கே 2012லிருந்து வயதை விட்டுவிட்டு உயரத்தைக் கணக்கில் எடுக்கிறார்கள். 1.35 மீட்டருக்குக் கீழே இருந்தால் சீட்டோ, காரின் பெல்ட் சரியாகப் படும்படி குழந்தையை உயர்த்தி உட்கார வைக்கிற பூஸ்டரோ வேண்டும். டாக்சிக்கு மட்டும் விலக்கு, தனியார் வாடகைக் காருக்குக் கிடையாது. அதனால் என் மகளை ஏழு வயதிலும் பூஸ்டரில்தான் உட்கார வைக்கிறேன். பிறந்ததிலிருந்து பழகியதால் அவளாகவே ஏறிப் பக்கிளைப் போட்டுக்கொள்கிறாள்.

ஊருக்கு வரும்போதுதான் சங்கடம். விமான நிலையத்தில் கால் டாக்சி பின் சீட்டில் பெல்ட் நாக்கு இருக்கும், பக்கிள் சீட்டுக்கு அடியில் புதைந்து கிடக்கும், மேலே உறை தைத்து மூடியிருப்பார்கள். இப்போதெல்லாம் முன்பதிவு செய்யும்போதே "பின் பெல்ட் மாட்டுகிற நிலையில் இருக்க வேண்டும்" என்று போனில் சொல்லிவிடுகிறேன். போன முறை அந்த ஓட்டுநர் தம்பி வருவதற்கு முன்பே உறையைக் கிழித்துப் பக்கிளை வெளியே எடுத்து வைத்திருந்தார். அவருக்கு நான் இன்றும் நன்றியுள்ளவன்.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் துணியாலான "கையடக்க கார் சீட்" என்று மலிவாக விற்கிறார்கள். ஒரு மெத்தை, நாலு பட்டை, அவ்வளவுதான். வாங்காதீர்கள். நல்ல சீட்டில் ஆரஞ்சு ஸ்டிக்கர், அதில் வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும், எந்த விதிப்படி சோதித்தது என்பதும் இருக்கும். எண் நாட்டைக் குறிக்கும், 1 ஜெர்மனி, 4 நெதர்லாந்து.

---

ஸ்பேனர்_சென்னை | செவ்வாய், இரவு 9.10

ஆமாம். இந்தியத் தரம் என்றால் ஏ.ஐ.எஸ்.-072. அதுவும் ஆர்44ஐ ஒட்டியதுதான். இந்த இரண்டில் ஒன்றுகூட இல்லாத சீட்டை நான் பொருத்தித் தருவதில்லை, திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

---

நெல்லை_ஆச்சி | புதன், காலை 5.30

நான் இங்கே எழுதுவது இதுதான் முதல் தடவை. மருமகள்தான் இதைப் படிக்கச் சொன்னாள்.

மகளே நிலா, உன் மாமியார் வயதுதான் எனக்கும் இருக்கும். பேரன் பத்து மாதத்தில் இருந்தபோது விருதுநகரிலிருந்து திருநெல்வேலிக்கு வந்துகொண்டிருந்தோம். காரில் சீட் இருந்தது. அழுகிறானே என்று நான்தான் கழற்றி மடியில் எடுத்தேன். மருமகள் வேண்டாம் என்றாள். நான் கேட்கவில்லை. மூன்று பிள்ளை வளர்த்தவளுக்கு நீ சொல்லித் தருகிறாயா என்றுகூடக் கேட்டேன்.

கயத்தாறு தாண்டி ஆடு ஒன்று குறுக்கே வந்தது. மகன் பிரேக் போட்டான். வேகமே இல்லை, எதிலும் இடிக்கக்கூட இல்லை. இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துத்தான் இருந்தேன், பிள்ளை என் கையிலிருந்து சோப்பு மாதிரி நழுவிப் போனான். முன் சீட்டின் இரும்பில் நெற்றி பட்டது. இரண்டு தையல். கடவுள் புண்ணியத்தில் அதோடு போனது. இப்போது அவனுக்கு ஐந்து வயது. தலை சீவும்போதெல்லாம் அந்தத் தழும்பு என் கண்ணில் படும்.

என் மருமகள் அன்றைக்கு ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

உன் மாமியாரிடம் இதைப் படித்துக் காட்டு. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளச் சொல். பிள்ளைக்கு வேண்டியது நம் வாசனையும் குரலும்தான். அதற்கு மடி தேவையில்லை.

---

பழைய_டிரைவர் | புதன், காலை 8.15

ஆச்சி, படித்துவிட்டுச் சற்று நேரம் ஒன்றும் தோன்றவில்லை. நான் பொறுமையாக ஓட்டுவதைச் சொன்னேன். ஆடு குறுக்கே வருவது என் கையில் இல்லை. எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். பேத்திக்கு வாங்க வேண்டும், எனக்கும் சொல்லிக்கொடுங்கள் தம்பி. என் காரில் குழந்தை சீட்டை மாட்டுகிற ஐசோஃபிக்ஸ் கம்பி இல்லை.

---

ஸ்பேனர்_சென்னை | புதன், மதியம் 1.45

பெரியவர் கேட்டதால் பொருத்தும் முறையை விரிவாகவே எழுதுகிறேன். நான் பார்க்கிற சீட்டுகளில் பெரும்பாலானவை தப்பாகத்தான் பொருத்தப்பட்டு வருகின்றன. விலை உயர்ந்த சீட்டும் அப்படித்தான் வருகிறது.

எங்கே வைப்பது? பின் சீட்டின் நடு இடம் பக்கவாட்டு மோதலிலிருந்து தூரத்தில் இருப்பதால் நல்லதுதான். ஆனால் நம் கார்களில் நடுவில் மேடாக இருக்கும், பழைய கார்களில் இடுப்புப் பெல்ட் மட்டும் இருக்கும், ஐசோஃபிக்ஸ் இருக்காது. நடுவில் ஆடிக்கொண்டு இருப்பதைவிட ஓரத்தில் இறுக்கமாக இருப்பது மேல். நான் இடது பின்பக்கத்தைச் சொல்வேன். நாம் இடதுபுறம் ஓட்டுகிறோம், அந்தக் கதவு ஓரத்துக்குத் திறக்கும். குழந்தையை ஏற்றும்போது முதுகுக்குப் பின்னால் பஸ் போகாது.

ஐசோஃபிக்ஸ் என்பது சீட்டின் முதுகும் அடிப்பாகமும் சேர்கிற இடுக்கில் இருக்கிற இரண்டு இரும்புக் கம்பி. கொக்கி மாட்டியதும் சத்தம் கேட்க வேண்டும், பச்சை நிறம் தெரிய வேண்டும். அதோடு முடியவில்லை. சீட் குப்புறக் கவிழாமல் இருக்க மூன்றாவது பிடி ஒன்று வேண்டும். ஒன்று தரையில் ஊன்றும் கால், இல்லாவிட்டால் டாப் டெதர் என்கிற மேல்பட்டை. காலை ஊன்றும் இடத்தில் தரைக்கு அடியில் சாமான் பெட்டி இருந்தால் மூடி உடைந்து உள்ளே இறங்கிவிடும், காரின் கையேட்டைப் பாருங்கள். மேல்பட்டையைப் பலர் டிக்கியில் பை மாட்டுகிற கொக்கியில் மாட்டி வருகிறார்கள். அது ஒரு இழுப்புக்குத் தாங்காது. நங்கூரம் போட்ட குறி எங்கே இருக்கிறதோ அங்கேதான்.

ஐசோஃபிக்ஸ் இல்லை என்று கவலைப்பட வேண்டாம், பெல்ட்டாலும் அதே அளவு பாதுகாப்பாகக் கட்டலாம், பொறுமைதான் வேண்டும். சீட்டில் நீல நிறக் கொக்கிகள் பின்னோக்கி வைப்பதற்கு, சிவப்பு முன்னோக்கி வைப்பதற்கு. நீல வழியில் பெல்ட்டை விட்டு, முழங்காலை சீட்டில் ஊன்றி உடம்பு எடையால் அமுக்கிக்கொண்டே பெல்ட்டை இழுத்து இறுக்குங்கள். பிறகு பெல்ட் போகும் இடத்தில் கையை வைத்து அசைத்துப் பாருங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசைந்தால் மறுபடியும் கட்ட வேண்டும். நம் ஊர்ச் சின்னக் கார்களில் பெல்ட் நீளம் போதாமல் பக்கிள் வரை வராது. அதனால் சீட்டை வாங்குவதற்கு முன்னால் காரில் வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். கடைக்காரர் மறுத்தால் வேறு கடை.

குழந்தையின் பட்டை: பின்னோக்கி இருக்கும்போது தோளுக்குச் சமமாக அல்லது சற்றுக் கீழே இருக்கும் துளையிலிருந்து வர வேண்டும். முன்னோக்கி வைக்கிற காலத்தில் தோளுக்குச் சமமாக அல்லது சற்று மேலே. காறை எலும்பின் மேல் பட்டையைக் கிள்ளிப் பாருங்கள். இரண்டு விரலுக்கு நடுவில் மடிப்பு சிக்கினால் இன்னும் தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம். ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் தடி ஸ்வெட்டர் போட்டுப் பட்டை கட்டாதீர்கள். மோதினால் ஸ்வெட்டர் அமுங்கிப் பட்டை தளர்ந்துவிடும். முதலில் பட்டை, அதற்கு மேல் போர்வை.

இன்னொன்று. வெயிலில் நிறுத்தின காரில் பக்கிளின் உலோகம் சுடும். வெள்ளைத் துண்டு போட்டு மூடிவையுங்கள், மாட்டுவதற்கு முன் உங்கள் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். குழந்தை காரணம் இல்லாமல் அழுகிறது என்று சொல்கிற பாதிப் பேருக்கு இதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றும்.

---

வைகைக்கரை | புதன், மாலை 6.20

எங்களிடம் கார் இல்லை, ஸ்கூட்டர்தான். எங்களைப் போன்றவர்களுக்கு ஏதாவது விதி இருக்கிறதா?

---

ஸ்பேனர்_சென்னை | புதன், இரவு 7.00

இருக்கிறது. 2022 பிப்ரவரியில் அறிவித்து, ஓராண்டு கழித்து அமலுக்கு வந்தது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டுகிற பாதுகாப்புப் பட்டை வேண்டும். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை குழந்தைக்கும் ஹெல்மெட். வேகம் 40க்கு மேல் கூடாது. குழந்தையை முன்னால் நிற்க வைத்து ஓட்டுவதை மட்டும் தயவுசெய்து இன்றோடு விட்டுவிடுங்கள்.

---

கோவை_நிலா | வெள்ளி, இரவு 10.30

எல்லோருக்கும் நன்றி. ஆச்சி எழுதியதை அத்தையிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, "அவங்களுக்கு எவ்வளவு மனசு கஷ்டப்பட்டிருக்கும்" என்று மட்டும் சொன்னார். மறுநாள் அவரே வந்து, சீட்டைப் பொருத்தும்போது நானும் பார்க்கிறேன் என்றார்.

சீட்டைக் கழற்றி முதலிலிருந்து கட்டினோம். ஆறு மாதமாகப் பெல்ட்டைச் சிவப்பு வழியில் விட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. இப்போது இடது பின்பக்கம், நீல வழி, அசைத்தால் ஒரு விரல் அகலம்கூட நகரவில்லை. கணவர் சன் வைசர் படத்தைப் பார்த்துவிட்டு முன் சீட் பேச்சை விட்டுவிட்டார்.

ஒரு சந்தேகம். மதுரைக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரம் உட்கார வைக்கலாமா?

---

ஹாரோ_செவிலி | சனி, அதிகாலை 1.10

ஒரே மூச்சில் வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நிறுத்தி, வெளியே எடுத்து, நீட்டிப் படுக்க வையுங்கள். பால் கொடுப்பதும் வண்டி நின்ற பிறகுதான். தூங்கிவிட்டாள் என்றால் தலை முன்னால் சரிந்து தாடை மார்பில் முட்டாதபடி சீட்டின் சாய்வு இருக்கிறதா என்று பாருங்கள், மூச்சு தடைபடும். ஊர் போய்ச் சேர்ந்ததும் தூங்குகிறாளே என்று சீட்டோடு விட்டுவிடாமல் பாயில் கிடத்துங்கள். அத்தையும் பெல்ட் போட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். 2022 செப்டம்பரில் மகாராஷ்டிராவில் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த கார் விபத்தில் பின்னால் இருந்த இருவருமே பெல்ட் போடவில்லை என்று போலீசார் சொன்னார்கள். முன்னால் இருந்த இருவர் பலத்த காயத்தோடு உயிர் தப்பினார்கள்.

---

கோவை_நிலா | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8.00

போய் வந்துவிட்டோம். பொள்ளாச்சி வரை அழுதாள். அத்தை பெல்ட் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்து, ஒரு விரலை அவள் கையில் கொடுத்துப் பாடிக்கொண்டே வந்தார். உடுமலையில் நிறுத்திப் பால் கொடுத்தேன். பிறகு ஒட்டன்சத்திரம் வரை தூக்கம். காதுகுத்தும்போது அழுத அழுகைக்கு முன்னால் கார் அழுகை ஒன்றுமே இல்லை.

அங்கே கோயிலிலிருந்து மண்டபத்துக்கு மூன்று கிலோமீட்டர்தானே, மடியில் வைத்துக்கொள் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அத்தைதான் முந்திக்கொண்டு, "சீட் இருக்கிற வண்டியிலேயே வருகிறோம்" என்றார்.

அடுத்த வாரம் என் அண்ணன் காரில் ஈரோடு போக வேண்டும். சீட்டை மாற்றிக் கட்டிப் பார்த்தேன். பக்கிள் நீளமாக இருப்பதால் சீட்டின் விளிம்பில் வந்து மடங்கி உட்கார்கிறது. இது சரியா?

---

ஸ்பேனர்_சென்னை | ஞாயிறு, இரவு 8.25

சரியில்லை. இழுப்பு வந்தால் பக்கிள் அந்த விளிம்பில் நெம்பித் திறந்துவிடலாம். வலது பின்பக்கம் வைத்துப் பாருங்கள், சில கார்களில் இரண்டு பக்கமும் பக்கிள் நீளம் ஒன்றாக இருப்பதில்லை. அங்கேயும் அப்படியே என்றால் ஈரோட்டுக்கு உங்கள் காரையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டியதும் பெல்ட் வழியும் பக்கிளும் தெரிகிற மாதிரி ஒரு படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.